நானூறு மீட்டர்

ஞாயிறு காலை, கிங்ஸ் பீச் வாகன நிறுத்தம்.
பானட்டுகளைத் திறந்து வரிசையாக நிற்கின்றன,
பல் வைத்தியரிடம் வந்தவர்கள் மாதிரி.
போர்ட் எலிசபெத்தைப் பற்றி எழுதினால்
காற்றை விட்டுவிடவேண்டும் என்று நினைத்திருந்தேன்.
அதுவோ யோகனின் தொப்பியைப் பறித்துக்கொண்டு
கடல் பக்கம் போகிறது.

"இரண்டாயிரத்து நாலோடு அந்தக் கம்பெனி செத்துப்போச்சு,"
என்கிறான் தயாளன். "அப்புறம் வந்ததெல்லாம்
முத்திரை குத்திய ஃபிரிட்ஜ்."
யோகன் விடுவதாக இல்லை: எஞ்சினைப் பார்,
டர்போவைப் பார், பார்த்துவிட்டுப் பேசு.
லுகான்யோ தன் பக்கியின் பின்கதவில் உட்கார்ந்து
ஆரஞ்சு உரிக்கிறான்.
(தமிழில் பக்கி என்றால் வசவு.
இங்கே அரை டன் வெங்காயம் சுமக்கும் கௌரவம்.)

பேச்சு எப்போதும் போல ஆலையில் வந்து முட்டுகிறது.
ஏன் மூடினார்கள்?
சின்ன பக்கியை நிறுத்தினானே, அன்றைக்கே தெரியும்.
யூனியன்.
இல்லை, மின்வெட்டு.
வலப்பக்க ஸ்டியரிங்கே வேண்டாமென்று
எங்கோ ஒரு மாடியில் முடிவெடுத்தான்.
ரோபோ, என்கிறான் ஒரு சின்னப்பையன்.
எல்லோரும் சாலை முனையைத் திரும்பிப் பார்க்கிறார்கள்:
இந்த நாட்டில் ரோபோ என்றால் சிக்னல் விளக்கு.
அதுவும் சிவப்பில்தான் நின்றது.

பதினோரு வருஷம் நான் முன் இடது கதவு.
ஓட்டுபவருடையது அல்ல, பக்கத்தில் உட்காருபவருடையது.
ஒரு வண்டிக்கு ஐம்பத்தெட்டு நொடி,
நாலு போல்ட், ஒரு தள்ளு,
சத்தம் சரியா என்று காது கொடுப்பது.
காதுக்குச் சம்பளம் கிடையாது.

கடைசி வாரம் ஒருவர் விமானத்தில் வந்தார்.
திரையில் உலகப் படம்.
வளரும் சந்தைகள் நீலம்.
நாங்கள் சாம்பல், கண்டத்தின் நுனியில் ஒரு நகக்கண்.
"மறுசீரமைப்பு" என்றார்.
ஷோசாவில் ஒருவர் சொன்னார், ஆஃப்ரிகான்ஸில் ஒருவர்.
தமிழில் நானே சொல்லிக்கொண்டேன்:
கடையைக் கட்டு.

போகும்போது ஆளுக்கொரு பொம்மைக் கார் கொடுத்தார்கள்,
நாங்கள் செய்த அதே மாடல்,
நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு.
மூன்று கதவு திறக்கும்.
முன் இடது கதவு ஒட்டிக்கிடக்கிறது.

இப்போது துறைமுகத்தில் வேலை.
அதே முத்திரை கப்பலில் வருகிறது.
வயிற்றிலிருந்து ஒவ்வொன்றாய் வெளியே ஓட்டி
முற்றத்தில் விடவேண்டும். நானூறு மீட்டர்.
இருக்கையில் பிளாஸ்டிக், மீட்டரில் ஆறோ ஏழோ கிலோமீட்டர்,
ரேடியோவைத் தொடக்கூடாது.
ஒரு நாளைக்கு எழுபது புதுக்கார் ஓட்டுகிறேன்.
வீட்டுக்கு மினிபஸ் டாக்சி.

அதனால்தான் இவர்களுக்கு என்மேல் மரியாதை.
"கோகி, நீ எல்லாவற்றையும் ஓட்டியிருக்கிறாய்,
புது மாடல் எப்படி?"
முதல் கியரில் நன்றாக இருக்கிறது என்றேன்.
இரண்டாவதில்?
இன்னும் போனதில்லை.

சிரித்து முடிப்பதற்குள் யோகன் தன் காரில் ஏறுகிறான்,
அவன் மனைவி அந்தப் பக்கம் ஏறி
கதவைச் சாத்துகிறாள்.
சத்தம் கொஞ்சம் தொங்குகிறது.
எங்கள் ஆலை வண்டிதான்.
நான் மாட்டியதா, தெரியாது.
நொம்சா மாட்டியதாயிருக்கும்,
அவளுக்கு அந்த வருஷம் தோள்வலி.

"கீழ்க் கீல், இரண்டாவது போல்ட்,
பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் கொடுங்கள்" என்றேன்.
கம்பெனியின் அடுத்த பத்து வருஷத்தை
விரல்நுனியில் வைத்திருந்த ஒன்பது பேரும்
டிக்கியைத் திறந்து மூடினார்கள்.
மெழுகு இருந்தது, துடைக்கும் துணி இருந்தது,
ஒருவன் இருக்கைக்கு வாசனை திரவியம் நீட்டினான்.

லுகான்யோ எழுந்து
வெங்காயச் சாக்குக்கு அடியில் கையை விட்டான்.